ஐந்நூறு டாலர் கவர்

டைல்ஸ்காரர் கப்பலில் போகிறார் என்ற செய்தி, அவர் கப்பலேறுவதற்கு ஒரு மாதம் முன்பே தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரேதான். பால் வாங்க நின்ற இடத்திலும், முடி வெட்டிக்கொண்ட நாற்காலியிலும், யாரோ ஒருவருடைய அப்பா இறந்த வீட்டு வாசலிலும்கூட, "அடுத்த மாசம் நான் ஊர்ல இருக்க மாட்டேன். சும்மா ஒரு வாரம், கடல்ல" என்று ஒரு பெருமூச்சோடு சொல்லி வைத்திருந்தார். கடலில் மிதப்பது ஏதோ அவர் தலையில் விழுந்த பொறுப்பு மாதிரி.

டிக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தது என்பதை மட்டும் எந்த வாசலிலும் சொல்லவில்லை. அந்தக் கப்பலில்தான் அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர், ஒன்பது வருடமாக கேபின் ஸ்டூவர்ட் வேலை பார்க்கிறார். பயணிகளின் அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, குளியலறை கழுவித் துடைக்கும் வேலை. ஊழியர்களின் சொந்தக்காரர்களுக்குக் கம்பெனி தரும் சலுகையை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். மீதிப் பாதியை டைல்ஸ்காரர் ஆறு தவணையில் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். அதுவும் மனைவிக்குத் தெரியாது. மெயின் ரோட்டில் மூன்று மாடிக்குக் கண்ணாடி வைத்துப் பெரிய டைல்ஸ் ஷோரூம் திறந்ததிலிருந்து, தன் கடையில் பகல் முழுக்க மின்விசிறி மட்டும்தான் சுற்றுகிறது என்பதும் தெரியாது. மனைவியைப் பொறுத்தவரை அவர் இன்னும் அந்த வீட்டின் பெரிய மாப்பிள்ளை. எந்த விசேஷத்திலும் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, உள்ளே எவ்வளவு என்பதைப் பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி சொல்லுகிறவர். சின்ன மாப்பிள்ளை கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவர் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் யாரும் மறக்காத சங்கதி.

முதல் நாளே சகலை அவர்களுடைய அறைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சீருடை, நெஞ்சில் பெயர் பொறித்த பட்டை. மேலதிகாரியிடம் கேட்டு, தான் பார்க்கும் பதினெட்டு அறைகளில் ஒன்றையே இவர்களுக்கு வாங்கியிருந்தார். அறையில் இருந்த லைஃப் ஜாக்கெட், தாழ்ப்பாள், வெந்நீர்க் குழாய் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. உங்க பில்லுல தினமும் சர்வீஸ் சார்ஜ்னு ஒரு தொகை ஏறும். ஆளுக்குப் பதினாறு டாலர். அதை எடுக்கச் சொல்லிடாதீங்க."

"பதினாறா? தினமுமா?"

"ஆமா அண்ணா. அது எனக்கு மட்டும் இல்ல. கீழ துணி துவைக்கறவங்க, பாத்திரம் கழுவறவங்க, உங்க கண்ணுலயே படாதவங்க எல்லாருக்கும் அதுலதான் பங்கு. அந்தச் சார்ஜை எடுத்துட்டு, அப்புறமா என் கையில ஏதாவது குடுத்தீங்கன்னா நான் வெச்சுக்க முடியாது. கவரைப் பிரிக்காம ஆபீஸ்ல ஒப்படைக்கணும். ஒரு டாலர் மறைச்சாலும் திருட்டுதான். அடுத்த துறைமுகத்துலயே இறக்கி விட்டுடுவாங்க."

"உன்னைப் போயா?"

"யாரா இருந்தாலும் அண்ணா. இந்த டிரிப் முடிஞ்சதும் என்னை சூப்பர்வைசர் ஆக்கற லெட்டர் வரணும். அது வந்தா ஒன்பது மாசம் கப்பல்ல இருக்கறது நாலு மாசமாயிடும். பொண்ணு ஏழாம் வகுப்பு. அவ பிறந்தநாளுக்கு இந்த ஒன்பது வருஷத்துல ரெண்டே தடவைதான் வீட்டுல இருந்திருக்கேன்."

"அட, வரும்யா, வரும்" என்று டைல்ஸ்காரர் அவர் முதுகில் தட்டினார். அவருடைய மனம் அதற்குள் பதினாறை இரண்டால் பெருக்கி, ஏழாலும் பெருக்கி, உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துத் திடுக்கிட்டிருந்தது.

இரண்டு நாள் பொறுத்தார். மாலையில் அறைக்குத் திரும்பினால் கட்டிலின்மேல் துவாலையை முறுக்கி மடித்த யானை உட்கார்ந்திருக்கும், மறுநாள் முயல். மனைவி அதற்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துத் தெருவுக்கே அனுப்பினாள். இவருக்கு யானையைப் பார்த்தாலும் முயலைப் பார்த்தாலும் பதினாறு டாலர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் மதியம், மனைவி பாட்டுக் கச்சேரி பார்க்கப் போயிருந்த நேரத்தில், ரிசப்ஷனுக்குப் போய் சார்ஜை எடுத்துவிடச் சொன்னார்.

கவுண்டரில் இருந்த பெண், சேவையில் ஏதாவது குறையா என்று கேட்டாள்.

"நோ நோ. வெரி குட் சர்வீஸ். ஐ கிவ் இன் ஹேண்ட்" என்றார்.

அவள் புன்னகைத்துக்கொண்டே இரண்டு பொத்தான்களைத் தட்டினாள். அந்தக் கப்பலில் எல்லாருக்கும் சீருடையோடு சேர்த்து ஒரே அளவில் தைத்துக் கொடுத்த புன்னகை அது. காரியம் முடிந்தது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது சகலை வந்து, அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, சார்ஜ் எடுத்தவங்க லிஸ்ட்ல உங்க ரூம் நம்பர் வந்திருக்கு."

"ஓ, அதுவா! கம்பெனிக்காரன் வயித்துல கொட்டறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா? நம்ம வீட்டுப் பிள்ளை நீ இருக்கும்போது? நேரா உன் கையிலயே குடுக்கறேன்யா, கடைசி நாள். எவன் கேக்கறான்னு பாத்துடறேன்."

"வேணாம் அண்ணா. எதுவும் குடுக்காதீங்க. அதுவே எனக்குப் போதும்."

"உனக்கு எப்பவும் கூச்சம்தான்" என்று சிரித்தார் டைல்ஸ்காரர்.

சகலை சிரிக்கவில்லை. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அது அவர் தொழில். அன்று மாலை கட்டிலில் உட்கார்ந்திருந்த துவாலைக் குரங்கில் ஒரு மடிப்புகூடக் குறையவில்லை.

கொடுக்காமலே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெரிய மாப்பிள்ளை ஒருவர் சின்ன மாப்பிள்ளையின் கப்பலிலிருந்து ஒரு கவர்கூட நீட்டாமல் இறங்கினால் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சைப் பிறரைப் பற்றி அவரே எத்தனையோ தடவை ஆரம்பித்து வைத்திருக்கிறார். கடைசி நாள் சாயங்காலம், கப்பல் பெயர் அச்சிட்ட கனமான கவர் ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். பணப்பையில் இருபது டாலர் நோட்டு ஒன்றும் சில்லறையும்தான் மிச்சம். நோட்டைப் போட்டு, எச்சில் தொட்டு நன்றாக ஒட்டி, வாசலில் தள்ளுவண்டியோடு நின்ற சகலையின் சட்டைப் பைக்குள் அவரே திணித்தார். கவரின் கனத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அந்தக் கவர்.

"அண்ணா, சொன்னேனே..."

"பேசாத. பெரியவன் குடுத்தா வாங்கிக்கணும்."

சகலை அந்தக் கவரைப் பிரிக்காமல் நேரே கீழே ஆபீஸுக்கு எடுத்துப்போனார். அங்கே இரண்டு பேர் முன்னிலையில் பிரித்து, இருபது என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது டைல்ஸ்காரருக்கு அப்போது தெரியாது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகக் கூடவே உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்தான் பேச்சைக் கிளப்பினார். அவருக்கு அடுத்தவர் பணத்தைப் பற்றிக் கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. முப்பது வருடப் பழக்கம்.

"ரூம் பாக்கறவருக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா சார்? நாங்க பில்லுல ஏர்றது போக, தனியா நூறு குடுத்தோம். பாவம், மாடா உழைக்கறாங்க."

டைல்ஸ்காரர் கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்க ரூம் பாக்கறது என் சகலைதான் சார். ஐந்நூறு."

"டாலரா?"

"பின்ன?"

பேங்க் மேனேஜரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் டைல்ஸ்காரர் கப்பலேறியிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். மனைவிக்கு வாயெல்லாம் பல். மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள் மெதுவாக.

"இதெல்லாம் சொல்லிட்டுச் செய்யற விஷயமா?" என்றார்.

சாப்பிட்டு அறைக்குத் திரும்பியதும் அவள் நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து, பயணிகள் கருத்துச் சொல்லும் அட்டையை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுவாள். எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து. ஒன்பது போட்டால்கூட அந்த ஊழியருக்குக் குறைதான் என்று சகலை அவளிடம் சொல்லியிருந்தாராம். அடியில் எழுதுவதற்கு நாலு வரி இடம் இருந்தது. அதில் எழுதிவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"இவரைப் போல் உழைப்பாளியை நாங்கள் பார்த்ததில்லை. அந்த உழைப்புக்காக என் கணவர் ஐந்நூறு டாலர் ரொக்கமாகக் கொடுத்தார். எழுதினது நல்லா இருக்குங்களா?"

டைல்ஸ்காரர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கப்பல் ஆடவில்லை.

"பணத்தைப் பத்தியெல்லாம் எதுக்கு எழுதற?"

"எழுதினாத்தானே அவர் அருமை தெரியும்? சும்மாவா ஒருத்தர் ஐந்நூறு டாலர் குடுப்பார்? இதைப் பாத்தாவது அந்த சூப்பர்வைசர் லெட்டரைக் குடுக்கட்டும். வேணாம்னா சொல்லுங்க, வேற அட்டை வாங்கிட்டு வரேன்."

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு துவாலை அன்னமும் தவிர வேறு யாரும் இல்லை. சொன்னால் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவர் விளக்கை அணைக்கும் சுவிட்சைத் தேடினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

அவள் அப்போதே போய் அந்த அட்டையை ரிசப்ஷன் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தாள்.

காலையில் கப்பல் துறைமுகத்தில் நின்றது. இறங்கும் முறைக்காகப் பயணிகள் பெட்டி படுக்கையோடு கூடத்தில் காத்திருந்தார்கள். மனைவி காபி வாங்கப் போனாள். ஒலிபெருக்கியில் அவர்களுடைய அறை எண்ணைச் சொல்லி ரிசப்ஷனுக்கு வரச் சொன்னார்கள். பில்லில் ஏதோ திருத்தம் என்று நினைத்துக்கொண்டு டைல்ஸ்காரர் தனியாகப் போனார்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப்போனார்கள். தோளில் பொன்பட்டை போட்ட பெண் அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பிரித்த கவரும் இருபது டாலர் நோட்டும். பக்கத்தில் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில் அந்த அட்டை. சுவரோரமாகச் சகலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஒப்படைக்கப்பட்ட கவரில் இருந்தது இருபது. அட்டையில் இருப்பது ஐந்நூறு. கவர் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டதா என்பது தங்களுக்குத் தெரியாது. கொடுத்தவர் நீங்கள், நீங்கள் சொல்வதையே எழுதிக்கொள்கிறோம். எது சரி?

டைல்ஸ்காரர் நோட்டைப் பார்த்தார். கடையில் கைமாறின நோட்டையெல்லாம் அடையாளம் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவர். அந்த நோட்டின் மூலையில் இருந்த பேனாக் கோடுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

சகலை தமிழில் பேசினார். குரல் உயரவில்லை. "அண்ணா, இருபதுன்னு சொல்லிடுங்க. அக்கா தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். வீட்டுல நான் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். என் பொண்ணு மேல சத்தியம்."

இதைவிடச் சுலபமாக ஒருவனைத் தப்பவிட முடியாது. டைல்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம், ஆக்சுவலி..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது நிஜம். அதை அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் காபியோடு மனைவி உள்ளே வந்தாள். "நம்ம ரூம் நம்பரைக் கூப்பிட்டாங்களே, என்னங்க ஆச்சு?"

அவள் பின்னாலேயே, ஏதாவது உதவி வேண்டுமா என்ற முகத்தோடு, பேங்க் மேனேஜர் கதவருகில் வந்து நின்றார்.

அதிகாரி அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நோட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கடைசியில் சுவரோரம் பார்த்தாள்.

"ஐந்நூறுதானேங்க போட்டீங்க?"

கதவருகில் பேங்க் மேனேஜர் கழுத்தை நீட்டினார்.

"எண்ணித்தான் போட்டேன்" என்றார் டைல்ஸ்காரர்.

அது பொய்கூட இல்லை என்று பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நோட்டை எண்ணவும் எண்ணலாம் அல்லவா.

"தம்பி... நீங்களா?" என்றாள் மனைவி. கையிலிருந்த காபி தளும்பி விரலில் வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

சகலை டைல்ஸ்காரரை ஒரே ஒரு தடவை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. அறை எண்ணைச் சரிபார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதிகாரி கையை நீட்டினார். சகலை நெஞ்சிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஊசி குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன.

அவர்கள் வெளியேறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, பாத்து இறங்குங்க. கீழ்ப்படி ஈரமா இருக்கும்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. "மனசார ஐந்நூறு டாலர் குடுத்த மனுஷன்கிட்டயே கையை வெச்சுட்டாரே" என்று டைல்ஸ்காரர் மனைவி சொல்லி அழுதாள். மொட்டை மாடியில் அழுதாள், காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் அழுதாள். கேட்டவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் டாலரை மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். டைல்ஸ்காரரின் மதிப்பு ஏறிவிட்டது. முடி வெட்டுகிறவர் அவருக்குத் தோளைக்கூடப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

தங்கை ஒரு நாள் வந்தாள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், பணம் கொடுத்த பயணியே எழுதினால் கம்பெனி மறுபடி எடுத்துக்கொள்ளும் என்று கடிதத்தைக் காட்டினாள். அக்கா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "உன் புருஷனுக்காக என் புருஷன் பொய் சொல்லணுமா?" என்று கேட்டு, செருப்பைப் போடக்கூட நேரம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். டைல்ஸ்காரர் அப்போது உள்ளறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சகலை ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். கூரியர் ஆபீஸில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறதாம். வேறு கப்பல் கம்பெனி எதுவும் திருட்டுப் பேர் வாங்கினவரை எடுப்பதில்லையாம். மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். வாடிக்கையாளர் யாரும் இல்லாததைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கப்பல் கம்பெனியின் மெயில் முகவரி எழுதின சீட்டை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வரி போதும் அண்ணா. ஞாபகப் பிசகுன்னு எழுதுங்க. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"எழுதறேன்யா. நான் என்ன மனுஷன் இல்லையா?"

எழுதவும் எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் ஐந்தாறு தடவை எழுதினார். அதற்கு மேல் வரும்போதெல்லாம், அந்த மெயிலை அச்சடித்துக்கொண்டு தங்கை தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவது கண்ணில் தெரிந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று காலை மிக்ஸி ஓடவில்லை. அதன் வாரண்டிச் சீட்டைத் தேடி, மனைவி கூடத்துத் தரையில் உட்கார்ந்து காகிதங்களைப் பரப்பினாள். கப்பல் பயணத்துப் பையும் அதில் இருந்தது. டைல்ஸ்காரர் எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காகிதம் புரளும் சத்தம் நின்றதும் நிமிர்ந்தார்.

அவள் கையில் பணம் மாற்றும் கடையின் ரசீது இருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் தேதி. பயணத்துக்காக மாற்றியது மொத்தம் நூற்றிருபது டாலர். அதில் எண்பதுக்குத் தோல் பை வாங்கியது அவள்தான். கூட்டிக் கழிக்கத் தெரியாதவள் இல்லை. வக்கீல் ஆபீஸில் இருந்தவள்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார். படித்த பக்கத்தையே மறுபடி புரட்டினார்.

'கேள், இப்போது கேட்டுவிடு' என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எழுதிவிடலாம். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். மொட்டை மாடிகள், காய்கறி வண்டி, தான் அழுத இடமெல்லாம் அந்தப் பக்கம்தான். ரசீதை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றக் காகிதங்களை அடுக்கித் தட்டி ஓரம் சேர்த்தாள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

"ம்" என்றார்.

அவள் எழுந்திருக்கும்போது தரையிலிருந்த போன் அடித்தது. திரையில் தங்கையின் முகம், மகளோடு கன்னம் ஒட்டி எடுத்த படம். ஏழெட்டுத் தடவை மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எடுத்துக் காதில் வைத்தாள். நிறைய நேரம் கேட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் கடையில இருக்கார்" என்றாள், அவரைப் பார்த்தபடியே. "வந்ததும் சொல்றேன்."